சோடியமும் களர் நிலமும்

பல ஊர்களில் நல்ல வயல்களுக்கு நடுவே ஒரு திட்டு மட்டும் பயிர் ஏறாமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை பெய்தால் அங்கே தண்ணீர் நாள் கணக்கில் நிற்கும். அந்தத் தண்ணீரும் தெளியாமல் கலங்கியே இருக்கும். வெயில் அடித்தால் நிலம் கல்லாக இறுகி வெடிக்கும். காலை வைத்தால் ஈரத்தில் வழுக்கும். காய்ந்தால் ஏர் இறங்காது. நட்ட நெல் தூர் கட்டாமல் இலை நுனி காய்ந்து நிற்கும். தழைச்சத்தைக் கூட்டிப் போட்டாலும் பலன் தெரியாது. இதைத்தான் களர் நிலம் என்கிறோம்.

இந்தத் தொல்லைக்கெல்லாம் காரணமாக இருப்பது சோடியம் என்னும் ஒரே பொருள். அதன் குணத்தைத் தெரிந்துகொண்டால், களரைத் திருத்த எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது தானாகவே விளங்கும். பலர் பணம் செலவழித்தும் களர் திருந்தாமல் போவதற்கு, செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்ததே பெரும்பாலும் காரணம்.

சோடியம் எப்படிப்பட்ட பொருள்?

சோடியம் ஓர் உலோகம். இரும்பு, செம்பு போன்றதுதான். ஆனால் குணத்தில் அவற்றிலிருந்து மிகவும் வேறுபட்டது. புதிதாக வெட்டிய சோடியத் துண்டு வெள்ளியைப் போல் பளபளக்கும். சாதாரணக் கத்தியால் சீவும் அளவுக்கு மென்மையானது. நீரைவிடச் சற்று லேசானது என்பதால் மிதக்கும். ஏறத்தாழ 98 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலேயே, அதாவது தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே, உருகிவிடும்.

இந்த உலோகத்தை முதன்முதலில் தனியே பிரித்தவர் இங்கிலாந்து நாட்டு வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவி. 1807ஆம் ஆண்டு லண்டனில், உருக்கிய காரத்தின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, முதலில் பொட்டாசியத்தையும் சில நாட்களில் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். அதற்கு முன் இப்படி ஓர் உலோகம் உப்புக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை யாரும் கண்ணால் கண்டதில்லை.

சோடியத்தைத் திறந்து வைக்க முடியாது. காற்றுப் பட்ட சில நிமிடங்களில் அதன் பளபளப்பு மங்கிவிடும். ஆகவே ஆய்வுக்கூடங்களில் அதை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்திருப்பார்கள். ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் போட்டால், அது உருகி உருண்டையாகி, சீறிக்கொண்டு நீரின் மேல் அங்குமிங்கும் ஓடும். நீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அந்த வாயு தீப்பற்றினால் மஞ்சள் நிறச் சுடர் தெரியும். துண்டு பெரிதானால் வெடிக்கும். எஞ்சிய நீர் கையில் வழவழப்பாகி, தோலை அரிக்கும் காரமாக மாறிவிடும். கணக்காகச் சொன்னால், 23 கிராம் சோடியமும் 18 கிராம் நீரும் சேர்ந்து 40 கிராம் காஸ்டிக் சோடாவும் 1 கிராம் ஹைட்ரஜனும் ஆகின்றன.

இவ்வளவு வேகம் ஏன்? சோடியம் அணுவில் 11 எலெக்ட்ரான்கள் உள்ளன. அவற்றில் 10 உள் வட்டங்களில் உறுதியாக நிற்கின்றன. மீதமுள்ள ஒன்று மட்டும் வெளி வட்டத்தில் தனியாக இருக்கிறது. அதை யாரிடமாவது தள்ளிவிட்டால்தான் அந்த அணுவுக்கு அமைதி. தள்ளிவிட்ட பின் அது ஒற்றை நேர்மின்னூட்டம் கொண்ட சோடியம் அயனி ஆகிறது. பயிருக்குச் சாம்பல் சத்தாக நாம் இடும் பொட்டாசியமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அது தண்ணீரில் சோடியத்தைவிட வேகமாகச் சீறும்.

இதனால்தான் சோடியம் இயற்கையில் உலோகமாக எங்கும் கிடைப்பதில்லை. சமையல் உப்பாகவும், சலவைச் சோடாவாகவும், சமையல் சோடாவாகவும் சேர்மங்களிலேயே இருக்கிறது. 100 கிலோ சமையல் உப்பில் ஏறத்தாழ 39 கிலோ சோடியம். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 11 கிராம் சோடியம். உலோகச் சோடியத்துக்கும் நம் நாட்டில் வேலை உண்டு. கல்பாக்கத்தில் 1985இல் இயங்கத் தொடங்கிய அதிவேக ஈனுலைச் சோதனை உலையில், வெப்பத்தை எடுத்துச் செல்ல உருகிய சோடியமே பயன்பட்டது.

உங்கள் வயலில் இருப்பது உலோகச் சோடியம் அன்று. எலெக்ட்ரானை இழந்து அமைதியடைந்துவிட்ட சோடியம் அயனி. அது வெடிக்காது, எரியாது. ஆனால் களிமண்ணிடம் போய்ச் சேர்ந்தால் வேறொரு வகையில் கெடுதல் செய்கிறது.

களிமண்ணில் நடப்பது என்ன?

களிமண் துகள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடு போன்றது. அதன் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஆகவே சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம் முதலிய நேர்மின்னூட்டம் உள்ள அயனிகளை அது தன்மேல் பிடித்து வைத்துக்கொள்கிறது. நல்ல நிலத்தில் இந்த இடங்களில் பெரும்பகுதியைக் கால்சியம் பிடித்திருக்கும்.

கால்சியத்துக்கு இரட்டை மின்னூட்டம். அது களிமண் தகடுகளை நெருக்கமாக இழுத்துச் சேர்த்துக் கட்டும். தகடுகள் கூடிச் சிறு சிறு மணிகளாகும். மணிகளுக்கு இடையே துளைகள் இருக்கும். அந்தத் துளைகள் வழியே நீர் இறங்கும், காற்றுப் போகும், வேர் ஓடும். புழுதி ஓட்டிய நல்ல நிலத்தில் மண் பொலபொலவென்று உதிர்வது இதனால்தான்.

சோடியத்துக்கு ஒற்றை மின்னூட்டம். அதுவும் தன்னைச் சுற்றிப் பல நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு பருத்துவிடுகிறது. அதனால் தகடுகளை நெருங்க விடாது; விலக்கியே வைக்கும். ஈரம் பட்டதும் மண் மணிகள் கரைந்து, தனித் தகடுகளாகப் பிரிந்து, நீரில் மிதந்து, துளைகளை அடைத்துவிடுகின்றன. அடைத்த துளை வழியே நீர் இறங்காது. காய்ந்தால் அந்தத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஓடு கட்டிவிடும். தண்ணீர் தேங்குவதும், தெளியாமல் நிற்பதும், நிலம் இறுகுவதும் எல்லாம் இந்த ஒரே காரணத்தால்தான்.

இரண்டாவது கெடுதல் காரத்தன்மை. களர் நிலத்தில் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா, உண்டாகிறது. முன்பு சலவைத் தொழிலாளர்கள் உவர் மண்ணை அள்ளி வந்து துணி வெளுத்தது அதிலிருந்த இந்தச் சோடாவின் அழுக்கு நீக்கும் குணத்தால்தான். அதே சோடா வயலில் இருந்தால், மண்ணிலுள்ள மக்கைக் கரைத்து மேலே கொண்டுவந்து கருந்திட்டாகப் படிய வைக்கிறது. துத்தநாகம், இரும்பு ஆகிய சத்துகள் பயிருக்குக் கிடைக்காமல் போகின்றன. இட்ட யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போய்விடுகிறது. பயிர் பட்டினி கிடப்பதற்கு இதுவே காரணம்.

உவர் வேறு, களர் வேறு

இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதே பெரும் பிழை. மண் பரிசோதனை அட்டையில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று பி.எச். என்று குறிக்கப்படும் கார அமில நிலை. மற்றொன்று உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன். இவற்றோடு, களிமண் பிடித்துவைத்திருப்பதில் நூற்றுக்கு எத்தனை பங்கு சோடியம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுதி. மண் சாற்றின் மின் கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேல் இருக்கும். கார அமில நிலை 8.5க்குக் கீழே இருக்கும். சோடியத்தின் பங்கு நூற்றுக்கு 15க்குள் இருக்கும். கோடையில் நிலத்தின் மேல் வெள்ளை பூத்துக் காணப்படும். மண் அமைப்பு கெட்டிருக்காது, நீர் இறங்கும். ஆகவே நல்ல நீரைத் தேக்கி வடித்தாலே உப்பு கழுவிச் செல்லப்படும்.

களர் நிலத்தில் கரைந்த உப்பு குறைவு. மின் கடத்தும் திறன் 4க்குக் கீழே இருக்கும். ஆனால் கார அமில நிலை 8.5க்கு மேலும், சோடியத்தின் பங்கு நூற்றுக்கு 15க்கு மேலும் இருக்கும். இரண்டு கெடுதல்களும் சேர்ந்திருப்பது களர் உவர் நிலம்.

களர் நிலத்தில் வெறும் தண்ணீரை விட்டுக் கழுவினால் என்ன ஆகும்? சோடியம் களிமண்ணின் பிடியில் இருக்கிறது. அதன் இடத்துக்கு வேறொன்று வராதவரை அது வெளியேறாது. கரைந்திருந்த சிறிதளவு உப்பு மட்டும் போய்விடும். அந்த உப்புதான் களிமண் முழுதும் கலைந்துவிடாமல் ஓரளவு காத்து வந்தது. அதுவும் போனபின் நிலம் முன்னைவிட இறுகும். உலோகமாக இருக்கும்போது நீரைக் கண்டதும் சீறிப் பாயும் சோடியம், களிமண்ணில் ஒட்டியபின் எவ்வளவு நீர் விட்டாலும் தானாக நகர்வதில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினம் மாவட்டக் கடலோர வயல்களில் கடல் நீர் புகுந்தது நினைவிருக்கும். அங்கே முதலில் தெரிந்த தொல்லை கரைந்த உப்பே. மழையும் வடிகாலும் கிடைத்த இடங்களில் உப்பின் பெரும்பகுதி கழுவிச் செல்லப்பட்டது. அப்படிக் கடல் நீர் ஏறிய களிமண் நிலத்தில், உப்புப் போனபின் சோடியம் தங்கியிருக்கிறதா என்பதையும் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்குரிய இடத்தின் காய்ந்த மண்ணை நெல்லிக்காய் அளவு இரண்டிலும் போடுங்கள். இரண்டிலும் முக்கால் குவளை மழைநீர் விடுங்கள். ஒன்றில் மட்டும் அரைத் தேக்கரண்டி ஜிப்சம் தூளைச் சேருங்கள். இரண்டையும் நன்றாகக் கலக்கி, அசைக்காமல் ஓர் இரவு வைத்துவிடுங்கள்.

மறுநாள் காலையில் ஜிப்சம் போடாத குவளை இன்னும் கலங்கலாகவும், ஜிப்சம் போட்டது தெளிந்தும் இருந்தால், உங்கள் நிலத்தில் சோடியம் மிகுந்திருக்க வேண்டும். கலைந்திருந்த தகடுகளைக் கால்சியம் சேர்த்துக் கட்டியதையே கண்ணால் காண்கிறீர்கள். மண்ணில் கரைந்த உப்பும் மிகுதியாக இருந்தால் இரண்டு குவளைகளுமே தெளிந்துவிடக்கூடும். ஆகவே இது ஓர் அறிகுறி மட்டுமே. முடிவைத் தர வேண்டியது மண் பரிசோதனை நிலையம்தான்.

மண் மாதிரி எடுக்கும்போது களர்த் திட்டின் மண்ணை நல்ல இடத்து மண்ணுடன் கலக்கக் கூடாது. திட்டில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் குழி எடுத்து, ஓரத்து மண்ணைச் சீவி, ஒன்றாகக் கலந்து, கால் பங்கீடு முறையில் குறைத்து, அரைக் கிலோ அனுப்புங்கள். ‘ஜிப்சம் தேவை எவ்வளவு’ என்று தவறாமல் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ஜிப்சம் செய்யும் வேலை

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். நீரில் சிறிதளவே கரையும். அப்படிக் கரையும் கால்சியம் களிமண்ணில் ஒட்டியிருக்கும் இரண்டு சோடியம் அயனிகளைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. தள்ளப்பட்ட சோடியம் சல்பேட்டுடன் சேர்ந்து சோடியம் சல்பேட் ஆகிறது. இது நீரில் நன்றாகக் கரையும். இப்போதுதான் தண்ணீரால் அதை வெளியே கொண்டுபோக முடியும்.

எவ்வளவு ஜிப்சம் வேண்டும்? 23 கிராம் சோடியத்தை அகற்ற 86 கிராம் தூய ஜிப்சம் தேவை. அதாவது ஒரு கிலோ சோடியத்துக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோ. ஓர் ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. ஒரு கிலோ மண்ணிலிருந்து 0.23 கிராம் சோடியத்தை நீக்க வேண்டுமானால், ஏக்கருக்குச் சுமார் 207 கிலோ சோடியத்தை நீக்குவதாகும். அதற்குச் சுமார் 780 கிலோ தூய ஜிப்சம் வேண்டும். கடையில் கிடைப்பது நூற்றுக்கு 70 பங்கு தூய்மை உள்ளதாக இருந்தால், 1,100 கிலோவுக்குச் சற்று அதிகமாக இட வேண்டும். கடுமையான களரில் இதைப்போலப் பல மடங்கு தேவைப்படும். எனவே பக்கத்து வயல்காரர் இட்ட அளவைப் பார்த்து இடுவது பயன் தராது.

நெல் சாகுபடி செய்வதானால், பரிசோதனையில் கண்ட தேவையில் பாதியை இட்டே முதல் பயிரைத் தொடங்கலாம். நெல்லின் வேரும், தேங்கி நிற்கும் நீரும், மக்கும் பசுந்தாளும் மீதி வேலையைச் சிறிது சிறிதாகச் செய்யும்.

செய்ய வேண்டிய வரிசை

முதலில் நிலத்தை மட்டப்படுத்தி, பாத்திகளாகப் பிரித்து, வரப்புகளை உயர்த்திக் கட்டுங்கள். மேட்டில் நீர் நிற்காது. அங்கே களர் அப்படியே தங்கிவிடும்.

இரண்டாவதாக, வடிகாலைத் தயார் செய்யுங்கள். வெளியேற்றும் நீர் உங்கள் வயலிலோ அடுத்தவர் வயலிலோ தேங்காமல் பொதுவடிகாலுக்குப் போக வேண்டும். வழியில்லாவிட்டால் ஜிப்சம் வாங்கும் முன்பே அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.

மூன்றாவதாக, ஜிப்சத்தை நன்கு தூளாக்கிச் சீராகத் தூவி, மேலாக உழுது, மேல் 10 சென்டிமீட்டர் மண்ணில் கலந்துவிடுங்கள். ஆழ உழுதால் அடியில் போய்ப் பலன் நீர்த்துவிடும்.

நான்காவதாக, நல்ல நீரைத் தேக்கிச் சேறு கலக்குங்கள். ஒரு முழு நாளாவது நீர் நிற்க வேண்டும். பின் வடித்துவிட்டு மறுபடி தேக்குங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்யுங்கள்.

ஐந்தாவதாக, தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். தக்கைப்பூண்டு களரைத் தாங்கி வளரும். ஏக்கருக்கு 2.5 டன் பசுந்தழை கிடைத்தால் நல்லது. அது மக்கும்போது வெளிப்படும் கரியமில வாயு, மண்ணில் கரையாமல் கிடக்கும் சுண்ணாம்பைச் சிறிது கரைத்துக் கால்சியமாகத் தருகிறது.

ஆறாவதாக, களரைத் தாங்கும் இரகத்தை நடுங்கள். கோ 43, திருச்சி 1, திருச்சி 3 ஆகிய நெல் இரகங்கள் இதற்கு ஏற்றவை. வயதான நாற்றைக் குத்துக்குக் கூடுதலாக வைத்து நெருக்கி நடவேண்டும். ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து நடவுக்கு முன் தூவுங்கள். தழைச்சத்தைப் பரிந்துரைக்கு மேல் கால் பங்கு கூட்டி, பல தடவையாகப் பிரித்து இடுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

களர் நிலத்தில் சுண்ணாம்பு இட வேண்டாம். அதிலும் கால்சியம் உண்டே என்று தோன்றும். ஆனால் இவ்வளவு காரமான மண்ணில் கார்பனேட் சுண்ணாம்பு கரைவதில்லை. பல களர் நிலங்களின் அடியில் சுக்கான் கற்கள் நிறையக் கிடந்தும் நிலம் களராகவே இருப்பது இதனால்தான். நீற்றுச் சுண்ணாம்போ காரத்தை மேலும் கூட்டிவிடும். அமில நிலத்துக்கு ஏற்ற மருந்து களருக்கு ஆகாது.

உவர் நிலத்துக்கு ஜிப்சம் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். அங்கே வடிகாலும் நல்ல நீருமே போதும்.

ஜிப்சத்தை இட்டுவிட்டு நீரை வடிக்காமல் விட வேண்டாம். தள்ளப்பட்ட சோடியம் வயலிலேயே நின்றால் கோடையில் மீண்டும் மேலே வரும். செலவு முழுதும் வீண்.

நிலத்தைக் கோடையில் வெறுமையாகக் காயவிட வேண்டாம். வெயில் அடி உப்பை மேலே இழுக்கும்.

கிணற்று நீரையும் பாருங்கள்

நல்ல நிலமும் சில ஆண்டுகளில் களராக மாறுவதுண்டு. காரணம் பாசன நீர். ஒரு லிட்டரில் 230 மில்லிகிராம் சோடியம் உள்ள நீரை ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சினால், சுமார் 2 லட்சம் லிட்டர் நீரோடு 46 கிலோ சோடியமும் வயலில் இறங்குகிறது. பத்துப் பாசனத்தில் 460 கிலோவுக்கு மேல். அந்த நீரில் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் மிகுந்திருந்தால், மண்ணிலுள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துபோகும். சோடியத்துக்கு இடம் காலியாகும்.

ஆகவே புதிய ஆழ்துளைக் கிணறு வெட்டியதும் நீரைப் பரிசோதியுங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்குவலன்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. 2.5க்கு மேல் போனால் அந்த நீர் அப்படியே பாய்ச்சத் தகுந்ததன்று. வாய்க்கால் முகப்பில் தொட்டி கட்டி, ஜிப்சக் கட்டிகளை நிரப்பி, நீரை அதன் வழியே விடலாம். ஆற்று நீரோ மழை நீரோ கிடைக்கும்போது அதையும் கலந்து பயன்படுத்தலாம்.

சோடியம் முற்றிலும் வேண்டாத பொருளும் அன்று. மாட்டுத் தீவனத்தில் நீங்கள் சேர்க்கும் உப்பில் உள்ளது அதுதான். அது குறைந்தால் கறவை மாடு நலிந்துவிடும். மாட்டுக்கு வேண்டியது நிலத்துக்கு ஆகாது, அவ்வளவுதான்.

களர் ஓராண்டில் முழுதும் திருந்துவதில்லை. ஆனால் கால்சியத்தைக் கொடுத்து, நீரைத் தேக்கி, வடிகால் வழியே வெளியேற்றும் வரிசையைத் தவறாமல் கடைப்பிடித்தால், வயலில் நிற்கும் நீர் தெளியத் தொடங்கும். அதுவே முதல் நல்ல அறிகுறி. அறுவடை முடிந்து நிலம் காய்ந்திருக்கும் இடைக்காலம் மண் மாதிரி எடுக்க ஏற்ற தருணம். களர்த் திட்டு இருப்பவர்கள் அப்போதே அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தையும் வேளாண்மை விரிவாக்க மையத்தையும் அணுகிப் பயன்பெறுங்கள்.